வெள்ளோட்டுப் பறவைகள் நம்மூர் ஏரிக்கும் வரும்

ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முறுக்குதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு முறுக்கோடு தறிச் சத்தமும் சேர்ந்ததுதான் ஊர். தை மாத ஞாயிறு ஒன்றில் அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு, நண்பர்கள் சிலர் கருக்கலிலேயே கிளம்பினோம். மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து, ஈரோட்டுக்குத் தெற்கே இருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இடம் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் அப்படி 20 இடங்கள் இருந்தும், எங்கள் பக்கத்துக்கு மிக அருகில் இருப்பது இந்த வெள்ளோடுதான்.

ஏரி அப்படியொன்றும் பெரிதல்ல. ஏறக்குறைய 77 ஹெக்டேர். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நிற்கின்றன. பறவைகளுக்கு அவைதான் வீடு. நாயோ பூனையோ எளிதில் வந்து குஞ்சைத் தூக்க முடியாது என்பதால் நீர்ப்பறவைகள் இப்படிப்பட்ட மரங்களைத் தேடித்தான் கூடு கட்டுகின்றன.

கரையில் நின்ற கொஞ்ச நேரத்திலேயே கூழைக்கடாக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. தனித்தனியாக அல்ல. அரைவட்டமாக வரிசை கட்டி நீந்தி, மீன்களை ஆழமில்லாத இடத்துக்கு ஒதுக்கிக்கொண்டுபோய், ஒரே நேரத்தில் அலகை நீருக்குள் விட்டன. நாலு ஆள் சேர்ந்து வலை இழுப்பதைப் போலத்தான். கொஞ்சம் தள்ளி மஞ்சள் மூக்கு நாரைகள். இவை மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டுக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறியபடி நடக்கும். மீன் அலகில் பட வேண்டியதுதான், கவ்விவிடும். அதனால் கலங்கல் தண்ணீரிலும் இவற்றுக்கு இரை கிடைத்துவிடுகிறது.

"மாப்ள, அந்த நாரைக்கு அலகு உடைஞ்சிருக்கு பாரு" என்றான் தறி ஓட்டும் நண்பன். எங்களோடு வந்திருந்த வாத்தியார் சிரித்தபடி தொலைநோக்கியை அவன் கையில் கொடுத்தார். "உடையலப்பா. அது நத்தை குத்தி நாரை. மூடினாலும் நடுவுல சந்து இருக்கும். நத்தையப் புடிச்சு உள்ள இருக்குற சதைய உருவத்தான் அந்த அமைப்பு." அதன் பிறகு அவன் தொலைநோக்கியை யாருக்கும் தரவில்லை. ஊசிவால் வாத்துகள், பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி என ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஊசிவால் வாத்து வட ஆசியாவின் குளிர்ப் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மட்டும் நம் பக்கம் வருகிறது என்று தெரிந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பறவைகள் இங்கே நிம்மதியாக இருப்பதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பெரியவர்கள் விட்டுக்கொடுப்பது பெரிதல்ல. பிள்ளைகளும் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்களே, அதுதான் பெரிது. எந்த அரசாணையாலும் இதைக் கொண்டுவந்திருக்க முடியாது.

இன்னொரு காரணம் தண்ணீர். மழையோடு கீழ்பவானி வாய்க்காலும் இந்த ஏரிக்குத் துணை. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும்படி மண் வாய்க்காலாக வெட்டப்பட்டது அது. 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். அந்த வாய்க்காலுக்கு கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டு பட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்று கேட்டவர்களின் கஷ்டம் உண்மையானது. ஆனால் கசியும் நீரெல்லாம் வீண் என்று எழுதும் கணக்கை என்னால் ஏற்க முடியாது. அந்தக் கசிவில்தான் கிணறுகள் ஊறுகின்றன, குளங்கள் நிற்கின்றன. வெள்ளோட்டுக் கரையில் ஒரு காலை நின்றவர்கள் அந்த நீரை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, சேலம் நகரத்துக்குள் நுழைந்து, ஆட்டையாம்பட்டி வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் கலக்கிறது திருமணிமுத்தாறு. வழியில் உள்ள ஏரிகளை நிரப்புவதும் இதுதான். நகரத்துச் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து, மழை பெய்தால் நுரை பொங்க வருவதும் இதேதான். அந்தத் தண்ணீரிலும் கொக்குகளும் நீர்க்காகங்களும் இறங்கத்தான் செய்கின்றன. எதைத் தின்கின்றனவோ என்று நினைக்கவே வேதனையாக இருக்கிறது. நமக்குக் கிழக்கே பனமரத்துப்பட்டி ஏரி. சேலத்தின் குடிநீருக்காக 1911-இல் கட்டியது. 2,000 ஏக்கருக்கும் மேல் பரப்பு. பறவைகள் நிறைந்திருக்க வேண்டிய அந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கன்னங்குறிச்சி மூக்கனேரி நம் கண் முன்னே இருக்கிறது. 2010 முதல் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவினரும் அந்த ஏரியைத் தூர்வாரி, எடுத்த மண்ணையே திட்டுகளாக்கி, மரம் நட்டார்கள். மரம் வளர்ந்தது, பறவைகளும் வந்தன.

பறவைகள் வந்தால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ராம்சார் தகுதிக்கான அளவுகோல்களில் இரண்டு நேரடியாக நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை: 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகக் கூடும் இடம், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு வந்து தங்கும் இடம். நம்மூர் ஏரிகள் அந்த அளவை எட்டுமா எட்டாதா என்பது அடுத்த பேச்சு. என்ன பறவை, எத்தனை வந்தது என்று எழுதிவைக்க ஆள் இல்லாத ஏரியை, "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிக் குப்பை கொட்டுவதும் பட்டா போடுவதும் எளிது. கணக்கு இருந்தால் கேள்வி கேட்கலாம்.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிய நாட்களில் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர், மல்லசமுத்திரம், ராசிபுரம் பக்கத்து வாசகர்களே, வரும் பொங்கலுக்கு மாடு குளிப்பாட்ட ஏரிக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நம் ஏரியின் பெயரும் அந்தக் கணக்கெடுப்பில் ஏறட்டும்.