பிள்ளையின் நெஞ்சில் ‘சத்தம்’ என்றால்...

கிளினிக்கில் பிள்ளைக்கு ஊசி போடப் போன இடத்தில், டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துச் சற்று அதிக நேரம் கேட்டுவிட்டு, “இருதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன்” என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பாதி உயிர் போய்விடும். வீடு திரும்புவதற்குள் “யார் கண் பட்டதோ” என்று பாட்டி தொடங்கிவிடுவார். திருநீறு போடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

சத்தம் எல்லாம் நோயல்ல. வளரும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு சமயம் அது கேட்கக்கூடும். பைப்பில் தண்ணீர் வேகமாக ஓடும்போது இரைகிறதே, அதைப் போன்றதுதான். காய்ச்சலில் கூடும், வளர வளர மறையும். பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ளவர்கள் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவர்தான். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான் கடிதம்.

டாக்டர் முதலில் விசாரிப்பது உங்களைத்தான். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? பாதியில் விட்டு மூச்சு வாங்குகிறதா? எடை ஏறாமல் நிற்கிறதா? விளையாடும் பிள்ளை நடுவில் குந்தி உட்கார்ந்துவிடுகிறதா? கடைசிக் கேள்வி வியப்பாக இருக்கும். உடம்பு நீலம் பாயும் ஒரு வகைக் கோளாறில், குந்தினால் நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் போகும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை அதைக் கண்டுகொள்கிறது. நாமோ சோம்பேறி என்று திட்டுகிறோம்! நம் பிள்ளைகளின் நிறத்துக்கு நீலம் தோலில் சட்டென்று தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

பிறகு டாக்டரின் கை பேசும். அமெரிக்காவில் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டருக்குக் காது மிகவும் மந்தமாகிவிட்டது. அவர் பிள்ளைகளின் நெஞ்சில் விரல் வைத்தே இருதயத்தை அறிந்தார். நீலம் பாயும் பிள்ளைகளின் நுரையீரலுக்கு வேறு வழியில் இரத்தம் கொண்டுபோகலாம் என்பது அவர் யோசனை. 1944 நவம்பர் 29ஆம் தேதி, பால்டிமோர் நகரில் 15 மாதக் குழந்தைக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. செய்தவர் ஆல்பிரட் பிளேலாக். அவருக்குப் பின்னால் நின்று வழி சொல்லிக்கொடுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர். சேமித்த பணம் வங்கியோடு போனதால் கல்லூரிக்கே போக முடியாதவர். அந்தக் குழந்தை அதிக காலம் வாழவில்லை. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இன்றும் டாக்டர் தொடை இடுக்கில் நாடி பார்ப்பார். கையில் நன்றாகத் துடித்து அங்கே துடிப்புக் குறைந்தால், பெரிய இரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். விரலில் மாட்டும் சிறு கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும். 95க்கு மேல் இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக ‘எக்கோ’. ஒலி அலையால் இருதயத்தைப் படமாகக் காட்டுவது. ஓட்டை எங்கே, எத்தனை பெரிது என்று தெரிந்துவிடும். சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரியதென்றால், 1992இல் கோலாலம்பூரில் தொடங்கிய தேசிய இருதயக் கழகம் போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள்.

பிறவியில் வராத நோயும் உண்டு. லயத்தில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்த காலத்தில், ஒரு பிள்ளையின் தொண்டைப் புண் எல்லாருக்கும் தொற்றும். கவனிக்காமல் விட்டால் சில வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, இருதய வால்வையே கெடுத்துவிடலாம். அப்படி வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. மூட்டு வலி போய்விட்டதே, வேலையில் லீவு கேட்க வேண்டுமே என்று நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப வந்தால் வால்வு இன்னும் கெடும்.

எக்கோ நாளில் பால் புட்டியும் பிடித்த பொம்மையும் கொண்டுபோங்கள். வலிக்காது, ஆனால் அழுது புரளும் பிள்ளையின் படம் சரியாக விழாது. தூங்க மருந்து கொடுப்பதாகச் சொன்னால் மட்டும், எத்தனை மணி வரை பால் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.