‘கியர் பாக்ஸ் போச்சு!’ என்றதும் பணத்தை எண்ணாதீர்!
ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருப்போர் கவனத்துக்கு

பொன்னேரி,–

தச்சூர் கூட்டுரோட்டில் பொன்னேரி பக்கம் திரும்புகிறது ஒரு பிக்கப் வண்டி. பின்னால் அரிசி மூட்டைகள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் அலறுகிறது. வண்டியோ நகருவேனா என்கிறது! துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கின்றன.

எப்படியோ கயிறு கட்டி ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்து விடுகிறது.

“கியர் பாக்ஸ் போச்சு சார்!”

வண்டிக்காரர் முகம் வெளுத்து விடும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்து மாட்டுவது ஆயிரத்தில் முடிகிற வேலை அல்ல. லட்சத்தில் போய் நிற்கும். ஒரு கடைக்காரருக்கு அது பாதி முதல்.

ஆனால் பல சமயம் பாக்ஸ் போயிருக்காது. ஆயில் குறைந்திருக்கும், ஒரு ஒயர் கழன்றிருக்கும், பேட்டரி செத்திருக்கும். இதைப் பார்க்காமல் பாக்ஸை இறக்குவது, தலைவலிக்கு மண்டையைத் திறக்கிற கதைதான்.

நம்ம ஊர் வண்டி

இந்தச் சாலையில் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவையே. கிளட்ச் தேய்ந்தால் நம்ம ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி விடுவார். அதில் குறை சொல்ல முடியாது.

ஆட்டோமேட்டிக் பிக்கப் பிறகு வந்தது. இசுசு பிக்கப்புகள் முதலில் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் தயாராயின. 2016ல் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் அந்தக் கம்பெனி சொந்த ஆலை திறந்தது. 2019ல் அதன் வி-கிராஸ் வண்டி ஆட்டோமேட்டிக் கியருடன் வந்தது. 2022ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. வண்டி பக்கத்து ஊரில் தயாரானாலும் அதன் வைத்தியம் இன்னும் எல்லா ஒர்க்ஷாப்புக்கும் வந்து சேரவில்லை.

உள்ளே நடப்பது என்ன?

இந்த வண்டியில் காலால் மிதிக்கிற கிளட்ச் கிடையாது. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதே வேலைதான். காற்றுக்குப் பதில் ஆயில்.

கியர் மாற்றுவதும் ஆயில்தான். பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன கிளட்ச் தட்டுகள் இறுகும், தளரும். எந்தத் தட்டுக்கு எப்போது ஆயில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, சோலினாய்டு என்ற மின்சார வால்வுகள் திறந்து மூடும்.

ஆக, ஆயில் கெட்டாலும் மக்கர். கரண்ட் கெட்டாலும் மக்கர். இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மூக்கு சொல்லும்

நல்ல ஆயில் பொதுவாகச் சிவப்பாக இருக்கும். கறுத்துப் போய், தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் எரிகின்றன என்று அர்த்தம். ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்து விட்டது. ரேடியேட்டருக்குள் ஆயிலைக் குளிர வைக்கும் பகுதி ஓட்டையாகி விட்டால் இப்படி ஆகும்.

அளவு பார்ப்பதிலும் கோளாறு நடக்கிறது. எஞ்சின் ஆயிலை வண்டி நின்ற பிறகு பார்ப்போம். ஆனால் கியர் ஆயிலை, சமதளத்தில் எஞ்சின் ஓடும்போதே, சூடான நிலையில் பார்க்க வேண்டிய வண்டிகள் நிறைய. புது வண்டிகள் பலவற்றில் அளவுக் குச்சியே கிடையாது. குறிப்பிட்ட சூட்டில் அடியில் உள்ள மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். குச்சி இல்லை என்பதற்காகப் பார்க்காமலே விடுகிறார்கள்!

இன்னொன்று. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை. கம்பெனி சொன்ன ரகத்தை விட்டு, கடையில் கிடைத்ததை ஊற்றினால் நல்ல பாக்ஸும் குலுக்க ஆரம்பிக்கும்.

எப்போது மக்கர் செய்கிறது?

மெக்கானிக்கிடம் “கியர் சரியில்லே” என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது என்று சொல்லுங்கள்.

எல்லா கியரிலும் எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியரின் தட்டு அல்லது சோலினாய்டு. மழை பெய்தால் மட்டும் என்றால் ஒயர் இணைப்பில் தண்ணீர். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு குலுக்கினால், கம்ப்யூட்டர் பழைய பழக்கத்தை மறந்திருக்கலாம். சில நாள் ஓட்டினால் பழகி விடும்.

‘டி’யில் போட்டதும் ‘டக்’ என்று அடித்தால் பாக்ஸைத் திட்டாதீர்கள். பின் அச்சுக்குப் போகும் நீளமான ஷாஃப்டில் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் அதே சத்தம்தான் வரும்.

லீவர் ‘பி’யை விட்டு வரவே மாட்டேன் என்கிறதா? பிரேக்கை மிதித்துக் கொண்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் பிரேக் ஸ்விட்ச் அல்லது ஃபியூஸ்தான் குற்றவாளி. பிரேக் மிதித்தது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால்தான் அது லீவரை விடும்.

வண்டி ஒரே கியரில் மாட்டிக் கொண்டு மெதுவாகப் போனாலும் பயப்பட வேண்டாம். ஏதோ தப்பு என்று தெரிந்ததும் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள கம்ப்யூட்டர் அப்படிச் செய்யும். ஸ்கேனர் மாட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் பி 0700 என்று வந்தால் அது வெறும் மணியோசை. கியர் கம்ப்யூட்டரில் வேறொரு கோடு இருக்கிறது, போய்ப் பார் என்பதே அதன் பொருள். இந்த நம்பரை மட்டும் காட்டி பாக்ஸ் மாற்றச் சொல்பவரிடம் உஷார்!

வெள்ளமும் கயிறும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் மாவட்டம் வெள்ளக்காடானதை மறந்திருக்க மாட்டோம். கியர் பாக்ஸுக்கு மூச்சு விடும் குழாய் ஒன்று உண்டு. சூடான பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் மூழ்கினால் அந்தக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சும். தட்டுகளில் ஒட்டியிருக்கும் பட்டை அந்த ஈரத்தில் ஊறிப் பிய்ந்து வரும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஆயில் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கயிறு கட்டி இழுப்பதும் அதே ரகம். பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்ற விடும் பம்ப் எஞ்சினால்தான் ஓடுகிறது. எஞ்சின் நின்றிருக்க, பின் சக்கரம் தரையில் உருண்டால், உள்ளே ஆயில் இல்லாமலே இரும்பும் இரும்பும் உரசும். ஒரு ஒயர் கோளாறோடு நின்ற வண்டி, ஒர்க்ஷாப் வாசலுக்கு வரும்போது நிஜமாகவே பாக்ஸ் போன வண்டியாகி விடும்! மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். வாடகை கூடத்தான் ஆகும். பாக்ஸ் விலையை நினைத்தால் அது ஒன்றுமில்லை.

ரசீது எங்கே?

பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பிரிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வயிற்றுப் பிழைப்புக்காகச் சொந்தமாக வண்டி ஓட்டுபவரும் 2019ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர்தான். வியாபார வண்டி, வழக்கு போட முடியாது என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.