ஆடை உலர்த்துதலும் ஆற்றல் சிக்கனமும்

ஆடையைத் துவைப்பது பற்றிப் பேசுவோர் பலர். துவைத்த ஆடையை உலர்த்துவது பற்றிப் பேசுவோர் சிலரே. வெயிலும் காற்றும் விலையின்றிக் கிடைக்கும் நாட்டில் அது ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. இன்று நிலை மாறியுள்ளது. முற்றமும் கொல்லையும் இருந்த வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகி வருகின்றன. கொடி கட்ட இடம் குறைகிறது. ஆடையைச் சூடேற்றி உலர்த்தும் இயந்திரங்களும் கடைகளுக்கு வந்துவிட்டன. ஆடை உலர்த்தும் வழிகள் யாவை, அவற்றுள் குறைந்த ஆற்றலில் நிறைந்த பயன் தருவது எது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் வரிசை

ஈரம் நீங்கும் நிலைகளைத் தமிழ் தனித்தனிச் சொற்களால் குறிக்கிறது. நீர் தானே சொட்டி இறங்குவது வடிதல். கைவலியால் நீக்குவது பிழிதல். காற்றுப்பட ஈரம் போவது உலர்தல். காய்தல் என்னும் சொல்லிலோ வெப்பப் பொருளும் அடங்கியுள்ளது. ‘வெயில் காய்கிறது’, ‘குளிர் காய்கிறோம்’ என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. நெருப்பருகே வைத்து ஈரம் போக்குவதை வாட்டுதல் என்கிறோம். வடித்தல், பிழிதல், உலர்த்துதல், காயவைத்தல், வாட்டுதல் என்னும் இவ்வரிசையே ஆற்றல் சிக்கனத்தின் வரிசையும் ஆகும். முன்னவற்றுக்குச் செலவு குறைவு. இறுதியானதற்குச் செலவு மிகுதி. இதன் காரணத்தை ஓர் ஊரின் தொழில்வழி விளக்கலாம்.

ஜேடர்பாளையம் கற்பிக்கும் பாடம்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த ஊர் ஜேடர்பாளையம். அங்குள்ள படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. ஊர்ப்பெயரில் உள்ள ‘ஜேடர்’ என்னும் சொல் நெசவாளரைக் குறிப்பது. கன்னட வசனக் கவிஞர் ஜேடர தாசிமய்யா நெசவுத் தொழிலர் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. துணியின் பெயரைத் தாங்கிய அவ்வூர்ப் பக்கத்தில் இன்று பெயர் பெற்றது வெல்லத் தொழில். வாய்க்கால் பாசனத்தில் விளையும் கரும்பு ஆலைக் கொட்டகைகளில் வெல்லமாகிப் பிலிக்கல்பாளையம் சந்தைக்குச் செல்கிறது.

வெல்லம் காய்ச்சுவோர் செய்வது என்ன? கரும்பை முதலில் ஆலையிலிட்டுப் பிழிகின்றனர். அதற்கு வேண்டுவது சிறிது நேர இயந்திர விசையே. பிழிந்த சாற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்நீரை ஆவியாக்கக் கொப்பரையின் கீழ் மணிக்கணக்கில் தீ எரிய வேண்டும். எரிபொருளாவது கரும்புச் சக்கை. ஆனால், அச்சக்கையின் ஈரத்தைப் போக்க எவரும் தீ மூட்டுவதில்லை. களத்தில் பரப்பி வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுகின்றனர். நீரைப் பிழிந்து நீக்குவது எளிது, தீயால் நீக்குவது அரிது, வெயிலால் ஆவதற்குத் தீயைச் செலவிடலாகாது என்னும் மூன்று பாடங்களும் அக்கொட்டகையில் உள்ளன.

அறிவியலும் இதனையே கூறுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் தேவை. இது இயற்கை விதித்த அளவு. எந்த நிறுவனத்தின் இயந்திரமும் இதனை மாற்ற இயலாது. அவ்வெப்பத்தைக் கதிரவனிடமும் காற்றிடமும் பெறுகிறோமா, மின்கம்பியிடம் பெறுகிறோமா என்பதே வினா.

பிழிதலின் சிறப்பு

உலர்ந்த நிலையில் நான்கு கிலோ எடையுள்ள பருத்தி ஆடைகளைக் கையால் பிழிந்தபின் அவற்றில் ஏறத்தாழ நான்கு லிட்டர் நீர் தங்கியிருக்கும். அவற்றையே சலவை இயந்திரத்தின் சுழற்றித் தொட்டியில் இட்டு விரைவாகச் சுற்றினால் அந்நீர் இரண்டு லிட்டரை ஒட்டிக் குறைந்துவிடும். ஐந்து நிமிடச் சுழற்சிக்கு ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. அந்த இரண்டு லிட்டர் நீரை வெப்பத்தால் நீக்கக் குறைந்தது 1.3 யூனிட் வேண்டும். அறுபது மடங்கு வேறுபாடு இது.

நம் இல்லங்களில் போர்வையையும் சேலையையும் முறுக்கிப் பிழிந்து மணிக்கட்டு நோவது பெரும்பாலும் தாய்மார்களே. எனவே, இயந்திரம் வாங்கும் வசதியுள்ளோர் முதலில் நாட வேண்டியது சுழற்றிப் பிழியும் இயந்திரத்தையே. மின் செலவும் குறையும். தாய்மாரின் உடல் வருத்தமும் குறையும்.

காற்றும் வெயிலும்

ஈரத் துணியை ஒட்டி மெல்லிய ஈரக் காற்றுப் படலம் ஒன்று நிற்கும். அது நீங்கினால்தான் அடுத்த ஈரம் வெளியேறும். அதனைத் துடைத்துச் செல்வது வீசும் காற்று. ஆகவேதான் காற்றோட்டமுள்ள நிழலிலும் துணி விரைவாக உலர்கிறது; காற்றில்லா மூலையில் தாமதமாகிறது. துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, மடிப்பின்றி விரித்துப் போடுவதற்குக் காரணமும் இதுவே.

வெயில் இதனோடு வெப்பத்தையும் சேர்க்கிறது. உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் அளவு. வெள்ளாடைகளை நேர் வெயிலிலும், சாயம் வெளுக்கும் வண்ண ஆடைகளை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலிலும் போடுவது நலம். பொழுது சாய்ந்தபின் காற்றில் ஈரப்பதம் ஏறும். அதற்குமுன் எடுத்துவிட வேண்டும்.

இக்கலையில் கைதேர்ந்தோர் சலவைத் தொழிலாளர்கள். கொச்சிக் கோட்டைப் பகுதியில் தமிழகத்து வண்ணார் குடும்பங்கள் நடத்தும் சலவைக்கூடத்தில், இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுகின்றனர். கவ்வியும் வேண்டா, துணி மடிந்து இரட்டையாவதும் இல்லை. முழுத் துணியும் காற்றை எதிர்கொள்கிறது.

மழைக்காலத்தில் செய்வது என்ன?

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே சோதனைக் காலம். அப்போது அறையைப் பூட்டி உள்ளே கொடி கட்டுவோர் பலர். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் அடங்கும் காற்று ஏறத்தாழ 34 கன மீட்டர். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அக்காற்று முழுதும் தாங்கக்கூடிய நீராவி ஒரு லிட்டர் நீரின் அளவே. மழைநாளில் அதில் ஐந்தில் நான்கு பங்கு முன்னரே நிறைந்திருக்கும். எஞ்சிய இடம் கால் லிட்டருக்கும் குறைவு. இரண்டு லிட்டர் ஈரம் எங்குச் செல்லும்? சுவரில் பூஞ்சையாகவும், துணியில் முடைநாற்றமாகவும், இளைப்பு நோயுள்ளோர்க்குத் துன்பமாகவும் மாறும்.

எனவே எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுவதே முறை. 75 வாட் விசிறி ஆறு மணி நேரம் ஓடினால் 0.45 யூனிட், 35 வாட் அளவிலான புதிய வகை விசிறி எனில் 0.21 யூனிட். விடுதி மாணவர்கள் சிலர் ஈரச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் காயவைப்பது உண்டு. அது செலவு மிக்கது, துணிக்கும் கேடு, ஈரக் கையோடு மின்கருவியைத் தொடுவது உயிருக்கே இடர்.

சூடேற்றும் இயந்திரம்

சுழற்றிப் பிழிந்த நான்கு கிலோ ஆடைகளை உலர்த்த, மின்கம்பியால் சூடேற்றும் இயந்திரத்துக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட் தேவைப்படும். வெப்ப ஏற்றி என்னும் அமைப்புடைய இயந்திரம், நீராவி குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்துவதால் அதில் பாதியளவே கொள்ளும், விலையோ அதிகம்.

நாள்தோறும் ஒரு முறை உலர்த்தினால் இரு மாதத்தில் ஆகும் செலவைப் பார்ப்போம். சுழற்றிப் பிழிந்து கொடியில் போடுவதற்கு ஒரு யூனிட்டைச் சிறிதே தாண்டும். அதனுடன் 75 வாட் விசிறியும் சேர்ந்தால் ஏறத்தாழ 28 யூனிட். சூடேற்றும் இயந்திரத்துக்கு 120 யூனிட். தமிழகத்தில் இரு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கும் முறை 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவையும் இந்த ஓர் இயந்திரமே விழுங்கி மேலும் கேட்கும்.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். ஜேடர்பாளையத்துக்கு மேற்புறத்தே, அதே காவிரியின் கரையிலுள்ள மேட்டூரில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கின்றனர். அனல் மின் நிலையங்களில் நிலக்கரி வெப்பத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அரிதிற் பெற்ற அதனை, தலைக்கு மேல் வெயில் காயும் ஊரில், மீண்டும் வெப்பமாக்கித் துணிக்கு ஊட்டுவது எவ்வாற்றானும் சிக்கனமாகாது. நோயாளிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் தொடர்மழை நாள்களில் அவ்வியந்திரம் உதவலாம். அன்றாட வழக்கமாகத் தேவையில்லை.

நம் கடமை

அமெரிக்க நாட்டில் குடியிருப்புச் சங்கங்கள் பல, வெளியில் துணி உலர்த்துவது அழகுக் குறைவு எனத் தடை செய்தன. பின்னர் அவ்வுரிமையைக் காக்கச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை சில மாநிலங்களில் எழுந்தது. வெர்மாண்ட் மாநிலம் 2009-இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. கொடியை இழந்தபின் சட்டத்தால் மீட்பதினும், இழக்காமல் காப்பது எளிதன்றோ? சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் சாளரத்துக்கு வெளியே மூங்கில் கழிகளை நீட்டி ஆடை உலர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இடமின்மை ஒரு தடையன்று என்பதற்கு அது சான்று.

நம் பெரியோர்கள் வீடும் வாடகைக் குடியிருப்பும் விடுதியும் கட்டுகின்றனர். வரைபடம் எழுதும்போதே வெயில் படும் மாடித்தளத்தில் கொடிக்கம்பங்களுக்கும், மழைநாளுக்கென இருபுறமும் திறந்த ஒரு கூரைத் தாழ்வாரத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டுகிறோம். இதற்கு ஆகும் செலவு சிறிது. அதன் பயனோ கட்டடம் நிற்கும் நாள்வரை தொடர்வது. மாணவச் செல்வங்கள் தம் ஆடையைத் தாமே பிழிந்து, விரித்து, பொழுது சாயுமுன் எடுத்து மடிக்கப் பழகுவார்களாக. நன்கு பிழிவோம், காற்றுக்கு வழிவிடுவோம், வெயிலைப் பயன்கொள்வோம், வேறு வழியில்லாதபோது மட்டும் வெப்ப இயந்திரத்தை நாடுவோம்.