மரையாணியும் அதற்குரிய முறுக்கும்

ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்த பிக்கரிங் நகரை ஊடறுத்துச் செல்கிறது 401 நெடுஞ்சாலை. அவ்வழியே ரொறன்ரோவுக்கு வேலைக்கு விரையும் ஊர்தி ஒவ்வொன்றிலும் எந்திரத்தின் உறுப்புகளைப் பிணைத்து நிற்பவை மரையாணிகள். கழற்றிய ஆணியை மீண்டும் எவ்வளவு இறுக்குவது? இவ்வினாவுக்குக் கைப்பழக்கம் விடை சொல்லாது, இயற்பியல் சொல்லும்.

மரையாணியை இறுக்குதல் என்பது அதை நீட்டுதலே. ஒரு மில்லிமீட்டரில் சிறுபகுதிதான் நீளும். ஆயினும் நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்கு மீள முனைகிறது. அந்த மீள்விசைதான், எடுத்துக்காட்டாக, சிலிண்டர் ஹெட் எனப்படும் உருளைத்தலையை எந்திர உடலோடு அழுத்திப் பிடிக்கிறது. பிணைப்பு தளர்ந்தால், பட்டறையில் ஹெட் கேஸ்கட் எனப்படும் அடைதகட்டைத் தாண்டி எரிவளி கசியும். குளிர்விப்பு நீர் எண்ணெயோடு கலக்கும். பிணைப்பு மிகுந்தாலோ ஆணி மீட்சி எல்லையைக் கடந்து இழுபட்டுப்போகும்; அலுமினிய உடலில் வெட்டிய புரி உரிந்துவிடும்.

இந்த நீட்சியை நாம் நேரே காண்பதில்லை. ஆகவே திருப்பும் முயற்சியை, அதாவது முறுக்குவிசையை அளக்கிறோம். ஆனால் அம்முயற்சியில் ஏறத்தாழப் பாதி ஆணித்தலையின் அடியில் உராய்வாகவே கழிகிறது. பத்தில் நான்கு பங்கு புரிகளின் உராய்வில் செலவாகிறது. எஞ்சிய பத்தில் ஒரு பங்கே ஆணியை நீட்டுகிறது. உராய்வு சிறிது மாறினாலும் பிணைவிசை பெரிதும் மாறுவது இதனால்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, தலையில் 10.9 எனப் பொறித்த ஆணி ஏறத்தாழ 48,000 நியூட்டன் இழுவிசை வரை நிலையாக நீளாது தாங்கும். அதில் முக்கால் பங்கான 36,000 நியூட்டன் பிணைவிசை வேண்டுமென்றால், உராய்வை உள்ளடக்கிய முறுக்குக் கெழு 0.2 உள்ள உலர்ந்த புரிக்கு 72 நியூட்டன்மீட்டர் முறுக்கு போதும். அதே ஆணியில் எண்ணெய் தடவினால் கெழு 0.15 ஆகக் குறையலாம். அப்போது அதே 72 நியூட்டன்மீட்டர் 48,000 நியூட்டன் விசையை உண்டாக்கி, ஆணியைத் தாங்கும் எல்லைக்கே கொண்டு நிறுத்திவிடும். முறுக்குமானி காட்டியது ஒரே எண். ஆணி பட்டதோ வேறு பாடு.

எனவே கையேட்டில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. புரி உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் தடவியிருக்க வேண்டுமா, புதிய ஆணிதான் வேண்டுமா, எந்த வரிசையில் இறுக்குவது என்பனவும் அந்த அளவின் பகுதிகளே. உருளைத்தலை ஆணிகளைப் பொதுவாக நடுவில் தொடங்கி வெளிநோக்கி, பல படிகளில் இறுக்குவர். ஓரத்தில் தொடங்கினால் தகடு சீராகப் படியாது. இக்கால எந்திரங்கள் பலவற்றில் முதலில் சிறிய முறுக்கைக் கொடுத்து, பின்னர் குறித்த பாகை அளவு திருப்பச் சொல்வர். புரியின் இடைவெளி மாறாததால், திருப்பிய கோணம் நீட்சியை முறுக்குவிசையைவிட நம்பகமாகக் காட்டும். இவ்வாறு மீட்சி எல்லையைத் திட்டமிட்டே சற்றுக் கடந்து நீட்டப்படும் ஆணிகளை மறுமுறை பயன்படுத்தலாகாது.

கனடாவில் அலகுக் குழப்பமும் உண்டு. கையேடு நியூட்டன்மீட்டரில் பேசும். கருவி அடி-பவுண்டில் காட்டும். ஓர் அடி-பவுண்டு 1.356 நியூட்டன்மீட்டர். அங்குல-பவுண்டு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 100 அங்குல-பவுண்டு வெறும் 11.3 நியூட்டன்மீட்டர், அதை அடி-பவுண்டு எனப் படித்தால் 136 நியூட்டன்மீட்டர் ஆகிவிடும். சிறிய ஆணி அப்போதே முறியும்.

சரியான அளவு எங்கே கிடைக்கும்? அந்த எந்திரத்தைச் செய்தவரின் பழுதுபார்ப்புக் கையேட்டில். ஒரே பெயருள்ள ஊர்திக்கு ஆண்டுதோறும் எந்திரம் மாறலாம். ஆகவே 17 எழுத்துகள் கொண்ட ஊர்தி அடையாள எண்ணை முதலில் பார்க்க வேண்டும். வட அமெரிக்க ஊர்திகளில் அதன் பத்தாம் எழுத்து மாதிரி ஆண்டைச் சொல்லும். எந்திர உடலில் பொறித்த குறியீட்டையும் ஒப்பிட வேண்டும். முன்னொரு காலத்தில் இத்தகவல் பெரும்பாலும் நிறுவனப் பட்டறைகளோடு நின்றது. 2009-இல் ஊர்தி உற்பத்தியாளரும் தனிப்பட்டறைகளின் அமைப்பும் கையெழுத்திட்ட காசிஸ் என்னும் கனடிய உடன்பாடு, பிக்கரிங்கின் சிறு பட்டறைக்கும் அதைக் கட்டணத்துக்குப் பெற வழிசெய்தது.

எந்திர ஆணி தவறினால் பொருளிழப்பு. சக்கர ஆணி தவறினால் உயிரிழப்பு. 1990-களில் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் சரக்கூர்திச் சக்கரங்கள் கழன்று பறந்து உயிர்களைக் கொன்றன. அதன் பின்னர் 1997-இல் மாகாணம் வணிக ஊர்திச் சக்கரக் கழற்சிக்கு 50,000 டாலர் வரை தண்டம் விதித்தது. கவனமாக இருந்தேன் என்ற வாதத்தையும் அச்சட்டம் ஏற்காது. பட்டறையில் நடக்கும் வேலையின் விளைவு சாலையில் எதிரே வருபவரையும் சேரும் என்பதே அதன் அடிப்படை. ஆகவே கையேட்டின் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கருவியைக் கையில் எடுப்பது தொழில்நுட்பம் மட்டுமன்று, அறமும் ஆகும்.