அயல்நாட்டு வாயிலும் நம் கைச்சீட்டும்



பிறந்த ஊரை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடியேற எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டியது, கடவுச்சீட்டு வேறு, வீசா வேறு என்பதாகும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் நம்மிற் பலர். கடவுச்சீட்டு என்பது நம் நாட்டரசு நமக்கு அளிக்கும் சான்று. 'இவர் எம் குடிகளில் ஒருவர். இவருக்கு வழிவிடுக' என்று அது பிற அரசுகளுக்குச் சொல்கின்றது. வீசாவோ நாம் செல்லக் கருதும் நாடு தரும் இசைவு. அதனைக் கேட்க மட்டுமே நம்மால் இயலும். தருவதும் மறுப்பதும் அந்நாட்டின் கையில் உள்ளன. வீசா பெற்ற பின்னருங்கூட, விமான நிலையத்திலுள்ள குடிவரவு அதிகாரி வினாக்கள் சில கேட்டு நிறைவுற்றாலன்றி ஒருவர் உள்ளே செல்லுதல் ஆகாது.

இவ்வழக்கம் தொன்மையானது என்று எண்ண வேண்டா. 1914இல் முதலாம் உலகப் போர் மூளும் வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றினிடையே மக்கள் கடவுச்சீட்டின்றியே பயணஞ் செய்தனர். போர்க்காலத்தில் ஒற்றருக்கு அஞ்சி இட்ட தடை, போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை. 1920இல் சர்வதேச சங்கத்தின் சார்பிற் பாரிஸ் நகரிற் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு எவ்வாறு அமைய வேண்டும் என வரையறுத்தது. நாடிழந்த ரஷ்ய அகதிகளுக்கு எவ்வரசும் சீட்டு வழங்காதிருந்த நிலையில், நோர்வே நாட்டினரான நான்சன் என்பாரின் முயற்சியால் 1922இல் அவர்களுக்கெனத் தனிச் சான்று ஒன்று தோன்றியது. உடல்நலமும் உழைக்கும் வலியும் உடையவனாயினும், கையிற் சீட்டில்லாதவன் எல்லையிலே நின்றுவிட வேண்டிய காலம் இங்ஙனம் பிறந்தது.

இனி, ஒரு நாடு தன்பால் வருவோரை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றது என்பதை நோக்குவோம். 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராய்ச் சென்று வாழும் கனடாவையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு காலத்தில் அந்நாடு, வருபவர் எவ்வினத்தவர் என்பதையே பெரிதும் பார்த்தது. 1962இல் அவ்வேற்றுமை பெரும்பாலும் நீக்கப்பட்டது. 1967இற் புள்ளிமுறை வந்தது. கல்வி, தொழில், வயது, மொழியறிவு, அங்குள்ள உறவினர் முதலான ஒன்பது கூறுகளுக்குப் புள்ளி இட்டு, நூற்றுக்கு 50 பெற்றவர் தகுதியுடையோராகக் கொள்ளப்பட்டனர். 'நீ எவ்வினத்தான்?' என்ற வினா பின்சென்று, 'உனக்கு என்ன தெரியும்?' என்ற வினா முன்வந்தது.

தொழிற்றிறனுடையோருக்கென 2013இல் திருத்தப்பட்ட அட்டவணையில் ஆறு கூறுகள் உள. மொழிக்கு 28, கல்விக்கு 25, தொழில் அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, முன்னரே உறுதி செய்யப்பட்ட வேலைக்கு 10, அந்நாட்டு வாழ்வோடு இயைந்து செல்லும் தகைமைக்கு 10 என நூறு புள்ளிகள்; தேர்வதற்கு 67 வேண்டும். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் ஆண்டுக்கு ஒரு புள்ளியாக இழக்கின்றார். வயதைக் குறைத்தல் எவராலும் ஆகாது. மொழியறிவோ முயன்றாற் பெருகும். ஆதலின், தரகருக்குக் கொடுக்கக் கருதும் பணத்தில் ஒரு பகுதியை ஆங்கிலமோ பிரெஞ்சோ திருத்தமாகக் கற்பதிற் செலவிடுவோர் மிகுந்த பயன் பெறுவர்.

2015ஆம் ஆண்டு தை மாதத்தில் 'எக்ஸ்பிரஸ் என்றி' என்னும் ஒழுங்கு தொடங்கியது. விரும்புவோர் தம் விபரங்களைக் கணினி வழியே பதிவு செய்வர். அவர்கள் வரிசைப்படுத்தப்பட, மேல்வரிசையினருக்கு அழைப்பு விடுக்கப்படும். அழைப்புக் கிடைத்ததும் முழு விண்ணப்பத்தையும் 60 நாட்களுக்குள் அனுப்புதல் வேண்டும் என விதித்தனர். ஒரு திணைக்களத்திற் பத்திரம் ஒன்று பெறுவதற்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்தவர்க்கு, அறுபது நாள் எத்துணைக் குறுகிய தவணை என்பது விளங்கும். ஆகவே பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கல்வித் தகைமையை மதிப்பிட்ட அறிக்கை, மொழித் தேர்வின் பெறுபேறு, செய்த வேலையையும் ஊதியத்தையும் குறிக்கும் தொழில் கொள்வோரின் கடிதம், வங்கியின் கடிதம், வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் சான்றிதழ் ஆகியவற்றை முன்னரே தேடிவைத்தல் அறிவுடைமையாகும். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பெயர்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இங்கே நம்மவர்க்கே உரிய இடர் ஒன்று குறுக்கிடுகின்றது. அதுதான் பெயர். தந்தையின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவது நம் வழக்கம். குடும்பப் பெயர் நம்மிற் பெரும்பாலார்க்கு இல்லை. பிறநாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் யாது என்று கேட்கின்றது. தந்தை பெயரை ஒரு சீட்டிலும் தம் பெயரை மற்றொரு சீட்டிலும் அவ்விடத்தில் எழுதியோர் பின்னர் இடர்ப்படுகின்றனர். கந்தையா என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், நடுவிலுள்ள ஓசைக்கு ஒருவர் 'டி' என்னும் எழுத்தை இடுவார். இன்னொருவர் 'ரி', 'எச்' என இரண்டெழுத்தை இடுவார். நமக்கு இருவரும் ஒரே கந்தையா. காகிதத்தை மட்டும் காணும் அதிகாரிக்கோ இரு வேறு மனிதர். ஆகையால் எல்லாப் பத்திரங்களையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கி, வேறுபாடு காணின் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்து, உண்மையை விளக்கி இணைத்தல் வேண்டும்.

விளக்கி இணைத்தல் என்றேன். மறைத்தல் என்று சொல்லவில்லை. ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு விவாகத்தை முடி என்பர். வீசா விண்ணப்பத்தைக் கெடுக்க ஒரு பொய்யே போதும். கனடாவின் 2001ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, முக்கியமான செய்தியைத் திரித்தோ மறைத்தோ கூறியவர் அந்நாட்டுள் வருதல் ஆகாது என்கின்றது. முன்னர் இரண்டாண்டாயிருந்த அத்தடை 2014இல் ஐந்தாண்டாக்கப்பட்டது. முன்பொரு முறை வீசா மறுக்கப்பட்டதை மறைப்பதும் இதனுள் அடங்கும். 'தரகர் எழுதினார், நான் ஒப்பம் மட்டுமே இட்டேன்' என்பது தக்க விடையாகாது, ஒப்பமிட்டவரே பொறுப்பாளி. ஊதியம் பெற்று ஆலோசனை கூறுவோர் அந்நாட்டுச் சட்டத்துறையினராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருத்தல் வேண்டும் என்பதையும் மனங்கொள்க.

உயிருக்கு அஞ்சி ஓடுவோர்க்கு வாயில் வேறு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அவர்களிடம் புள்ளி கேட்பதில்லை. அவர்தம் அச்சம் மெய்யானதா என்றே கேட்கின்றது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அவ்விடத்து மீனவர் மீட்டனர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலிற் கூறிய அவர்கள், உண்மையில் மேற்கு ஜேர்மனியிற் கப்பலேறியவர்கள் என்பது சில நாட்களில் வெளிப்பட்டது. தங்குவதற்கு அனுமதி கிடைத்ததாயினும், அந்நாட்டு மக்களில் ஒரு சாராரிடம் ஐயமும் சினமும் மூண்டன. தாயகத்தில் அவர்களுக்கு இருந்த ஆபத்து மெய். வந்த வழியைப் பற்றிச் சொன்ன பொய், அம்மெய்யின் மீதே நிழல் விழுத்திற்று. திருப்பி அனுப்பிவிடுவரோ என்ற அச்சத்தாற் சொன்ன பொய்யே அது. அவர்களை இகழ்தல் நமக்குத் தகாது. அந்த நிகழ்ச்சியிலிருந்து கற்றுக்கொள்ளுதல் தகும்.

நம்மைக் கண்டறியாத ஒருவர், பல்லாயிரங் கல் தொலைவிலிருந்து, சில தாள்களைக் கொண்டே நம் வாழ்வை அளக்கின்றார். அத்தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தி உண்மையுரைப்பின் அவர் பணி எளிதாகும். படிவத்தின் ஒவ்வொரு வினாவையும் தாமே படித்துணர்ந்து விடையெழுதுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்நாட்டரசின் அறிவித்தலை நேரிற் பார்த்து உறுதி செய்யுங்கள். அனுப்பியவற்றின் படி ஒன்றைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பெட்டகத்திற் காத்து வையுங்கள். பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு படிவம் அதே வினாக்களைக் கேட்கும். அன்றும் நீங்கள் அதே விடைகளைச் சொல்ல வேண்டியிருக்கும்.