கடல் இல்லா ஊரில் ஒரு துறைமுகம்

டில்லியில் ஒரு துறைமுகம் உண்டு என்று நாம் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். துக்ளகாபாத்தில் உள்ள உள்நாட்டுச் சரக்கு முனையத்தையே நாம் குறிப்பிடுகிறோம். அங்கே அலையும் இல்லை, கப்பலும் இல்லை. ஆயினும் துறைமுகத்தில் நடைபெற வேண்டிய வேலைகளுள் பெரும்பாலானவை அங்கேயே நடந்தேறுகின்றன.

இதற்கு வழிவகுத்தது கன்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டி. 1956-இல் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். உள்ளிருக்கும் சரக்கைத் தொடாமல் பெட்டியையே கப்பலிலிருந்து வண்டிக்கு மாற்றலாம் என்பது அதனால் விளங்கிற்று. நம் நாட்டின் முதல் உள்நாட்டு முனையம் 1981-இல் பெங்களூரில் அமைந்தது. 1988-இல் இரயில்வே அமைச்சகத்தின்கீழ் இந்தியக் கன்டெய்னர் கழகம் தோன்றியது.

முராதாபாத்தின் பித்தளைப் பாத்திரங்களும், பானிப்பட்டின் நெசவுப் பொருள்களும் கடல் கடந்து செல்பவை. அவ்வூர்ச் சிறு வியாபாரி பம்பாய்க்கோ முந்த்ராவுக்கோ சென்று சுங்க அலுவலகத்தில் காத்துக் கிடக்க இயலுமா? உள்நாட்டு முனையத்திலேயே சுங்க இலாகாவினர் காகிதங்களைப் பார்த்து, வேண்டுமாயின் சரக்கையும் சோதித்து, பெட்டிக்கு முத்திரை இடுகின்றனர். பிறகு அது இரயிலேறித் துறைமுகம் சேர்கிறது. முத்திரை பழுதுபடாதிருப்பின் அங்கே பொதுவாக அதனைத் திறப்பதில்லை. இறக்குமதிச் சரக்கு வந்திறங்கிய காலிப் பெட்டிகளும் ஏற்றுமதியாளர்க்குப் பயன்படுகின்றன. துறைமுகத்திலும் நெரிசல் குறைகிறது.

ஆனால் கப்பல் எவருக்காகவும் காத்திராது. குறித்த நேரத்திற்குள் பெட்டி துறைமுகம் சேராவிடில் அடுத்த கப்பல்தான். சரக்கு தாமதித்தால் பணமும் தாமதிக்கும். பட்டறைத் தொழிலாளியின் கூலியும் தாமதிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் அடையாளம். முன்னவை பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்கென்றே கடைசி எண் அமைந்திருக்கிறது. அதில் ஒன்று பிசகினாலும் காகிதம் ஓரிடத்திலும் பெட்டி வேறோரிடத்திலும் நிற்கும். இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் இதனை அற்ப விஷயமாகக் கருதுவதற்கில்லை.

2021 ஜனவரியில் மேற்குச் சரக்குப் பாதையின் ரேவாரி–மதார் பகுதி திறக்கப்பட்டபோது, ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டடுக்குக் கன்டெய்னர் வண்டியை மின்சார எஞ்சின் இழுத்துச் சென்றது. பாதை எத்துணை விரைவாயினும், பெட்டி முனையத்திலேயே தங்கிவிட்டால் என்ன பயன்? நிலையத்தார் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைக் காலத்தில் முடித்தாலன்றோ, உள்நாட்டுக் கைவினைஞனின் உழைப்பு கடலை எட்டும்!