பிள்ளைக்கு அறுவை சிகிச்சையா? கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

குழந்தைக்கு ஆபரேஷன் என்றதும் பெற்றோருக்குக் கை கால் ஓடாது. அந்தப் பதற்றத்தில்தான் படிவங்கள் நீட்டப்படுகின்றன. எங்கு கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் பார்த்துப் போட்டுவிடுகிறோம். தன் வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்காகப் பேச நம்மைவிட்டால் ஆளில்லை. கேள்வி கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது.

கையெழுத்துக்கு முன்

18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் ஒப்புதல் தர வேண்டும். என்ன சிகிச்சை, மாற்று வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் எவை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு அறுவை சிகிச்சை செய்ய முடியாது. உயிர் காக்கும் அவசரத்துக்கு மட்டுமே விலக்கு. நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். அவசரமில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்கலாம்.

வெறும் வயிறு ஏன்?

மயக்கத்தில் இருமித் தள்ளும் திறன் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மயக்க மருந்து தருவதற்கு முன் பொதுவாகத் திட உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி வேண்டும். உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே இறுதி. அழுகிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் வந்த சிக்கல் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

என் மகனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்று காலை அவனுக்குச் சளியும் இருமலும் இருப்பதைச் சொன்னோம். மயக்க மருந்து மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, சளி தீர்ந்தபின் வரச் சொன்னார். லீவு போட்டு வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு வருத்தம். ஆனால் சளி பிடித்த குழந்தைக்கு மயக்கத்தில் மூச்சுப்பாதை இறுகும் அபாயம் அதிகம். அந்த அபாயத்தோடு ஒப்பிட்டால் நாள் தள்ளிப்போவது பெரிதில்லை.

வார்டில்

குழந்தைக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஒவ்வொரு ஊசியும் என்ன, எதற்கு என்று கேளுங்கள். டெல்லியில் டைபாய்டுக்குச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு ஒரு நர்ஸ் தவறாகப் போட்ட ஊசியால் மூளை மீளாத பாதிப்படைந்தது. 1998-இல் இது குறித்த வழக்கில் குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு 5 லட்சமும் இழப்பீடு வழங்கியதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சிகிச்சைக்கு அழைத்துவரும் பெற்றோரும் நுகர்வோரே என்றது அத்தீர்ப்பு.

அறுவை முடிந்தபின் மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, எழுப்பியும் விழிக்காமை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

செலவும் புகாரும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் போன்ற பிறவிக் குறைகளுக்கு அங்கன்வாடி, பள்ளிப் பரிசோதனை வழியாக இலவச சிகிச்சை பெறலாம்.

கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. சிகிச்சை பலிக்காததெல்லாம் கவனக்குறைவு ஆகாது. ஆனால் கவனக்குறைவு என்று தோன்றினால் முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலை அணுகலாம். கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் நுகர்வோர் சட்டத்தில் வராது.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் தாள்தான். சேர்த்த நாளிலேயே ஒரு ஃபைல் போட்டு, சீட்டு, ரசீது, ரிப்போர்ட் அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.